பாவாயியின் திப்பிலி

பாவாயி செடிகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மஞ்சளாகிச் சோர்ந்து கிடந்த ஒரு திப்பிலி இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டு எடுத்து முகர்ந்தாள். பிறகு கொடியோடு விரலை ஓட்டிக்கொண்டே போனவள் ஒரு கணுவில் நின்றுவிட்டாள். அங்கே வேர் ஒரு கூழாங்கல்லைச் சுற்றிப் பிடித்திருந்தது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் கல்.

அதைப் பிரித்தெடுக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. வேர் அறுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு நூலாக விலக்கினாள். எடுத்த கல்லை முந்தானையில் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க மேஸ்திரி, இதை எங்கிருந்துங்க கொண்டாந்தீங்க?"

என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பங்களா ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வக்கீலம்மா எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். பாவாயியின் அண்ணன் சடையன் பலாமரத்தில் சாய்ந்து நின்றான்.

"காட்டுலிருந்துதான்," என்றேன். "வேறெங்கிருந்து?"

அவள் கல்லை மடியில் செருகிக்கொண்டாள்.

நான் சொன்னது பொய். சடையனுக்கு அது தெரியும். அவன் வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே நான் முடிந்தேன். அவன் திறக்கவில்லை.

ஒரு வாசகியின் கடிதம்

இத்தனை வாரங்களாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என்னை ஓரளவு நல்லவனாகவே காட்டி வந்திருக்கிறேன். வெள்ளத்தில் நாற்றங்காலைக் காப்பாற்றிய கதையையும், பட்டுப்போன மாமரம் துளிர்த்த கதையையும் எழுதினேன். படித்தவர்கள் கைராசிக்காரர் என்று பாராட்டிக் கடிதம் போடுகிறார்கள்.

போன வாரம் வந்த கடிதத்தில் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எங்கள் வீட்டு மரத்தடியில் வெயிலே விழுவதில்லை. புல் வர மாட்டேன் என்கிறது. வருஷம் முழுக்கப் பச்சையாகத் தரையை மூடிக்கொள்ளும் செடி ஏதாவது உண்டா? எப்படி வளர்ப்பது?"

உண்டு. வளர்க்கும் முறையும் எனக்குத் தெரியும். அந்த முறையால் எனக்கு உத்தியோகம் கிடைத்தது, பெயர் கிடைத்தது. ஆனால் அது என் முறை இல்லை. அதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. கடிதத்துக்கு ஒரு வரியில் பதில் எழுதிப் போட்டிருக்கலாம். இரண்டு நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுத வந்தது இதுதான்.

சிவப்புத் தரை

எனக்குச் சொந்த ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கம். அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். கொடிக்காலில் வளர்ந்த பிள்ளைக்குக் கொடியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டாம் என்று எனக்கு ஒரு மிதப்பு. அகத்தியில் கொடி ஏற்றிக் கட்டுவது, எரு வைப்பது, காலையும் மாலையும் தண்ணீர் இறைப்பது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கிணறு வறண்டு கொடிக்கால் அழிந்த வருஷம், வேலை தேடி மலையேறினேன். யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தின காலம். அப்போது கொல்லிமலைக்கு ரோடு ஏது? ஒற்றையடிப் பாதைதான்.

அந்த மலையில் குண்டூர் நாடு என்னும் பகுதியில் சேலத்து வக்கீல் ஒருவர் பங்களா கட்டியிருந்தார். அவருடைய சம்சாரத்துக்கு நெஞ்சில் நோய். குளிர்ந்த காற்றில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் தோட்ட மேஸ்திரியாகச் சேர்ந்த மாதம்தான் அந்த அம்மாவும் மலைக்கு வந்தார்.

டோலியில் தூக்கி வந்தார்கள். நான்கு பேர் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். பாதையில் பாதி தூரம் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டே வந்தாராம். இறக்கி வைத்ததும் முதலில் கேட்டது, "தூக்கினவங்களுக்குக் காப்பி குடுத்தாச்சா?" என்றுதான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர் நல்லவர். நான் செய்ததில் அவருக்குப் பங்கு இல்லை.

அவருடைய கட்டில் ஜன்னல் ஓரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நான்கு பலாமரங்கள். எப்போதும் நிழல், எப்போதும் குளிர்ச்சி. ஆனால் தரை மொட்டையாகக் கிடந்தது. மழை பெய்தால் சிவப்புச் சேறு. காய்ந்தால் சிவப்புப் பொட்டல்.

"மேஸ்திரி, எனக்கு ரோஜா வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றார் ஒரு நாள். இருமல் நின்று மூச்சு வாங்கிய பிறகு சொன்னார். "இருமினா கைக்குட்டையில சிவப்பு. நிமிர்ந்து பார்த்தா வெளியிலயும் சிவப்பு. அந்தத் தரையைப் பச்சையா மூடிக் குடு. அது போதும்."

நான் அருகம்புல் பதித்தேன். நிழலில் வெளுத்துச் செத்தது. வண்ண இலைச் செடி வைத்தேன், குச்சியாக நின்றது. தை மாதம் வந்த வக்கீல் ஐயா அந்தத் தரையைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை நான் வர்றப்ப இதே மாதிரி இருந்தா, ஏற்காட்டிலிருந்து வேற ஆளைக் கொண்டாந்துடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சடையன் காட்டாத இடம்

என் கீழே வேலை செய்த மலைக்காரர்களில் சடையன் மூத்தவன். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். பக்கத்துத் தேவனூர் நாட்டுக்காரன். பேச்சு குறைவு. அவனைக் கூட்டிக்கொண்டு, நிழலில் படரும் செடி தேடிச் சோலைக்காடுகளில் ஒரு வாரம் அலைந்தேன்.

அப்போதுதான் திப்பிலியைக் காட்டில் பார்த்தேன். மருந்துக் கடைத் திப்பிலிதான். காய்ந்து கறுத்த காயாக எல்லாரும் பார்த்திருப்போம். உயிரோடு இருக்கும் திப்பிலி வேறு மாதிரி. வெற்றிலைக்கு ஒன்றுவிட்ட தங்கை போல இதய வடிவில் சின்னச் சின்ன இலை, எண்ணெய் தடவியது போல ஒரு பளபளப்பு. மரம் ஏறாமல் தரையோடு தரையாக ஓடும். போகிற வழியில் கணுவுக்குக் கணு வேர்விடும். எல்லாக் காலத்திலும் பச்சை.

ஆனால் காட்டில் அது இங்கே ஒரு கொடி அங்கே ஒரு கொடியாகத்தான் இருந்தது. அப்படிப் பொறுக்கிச் சேர்த்தால் நான்கு மரத்தடியை மூட இரண்டு வருஷம் ஆகும்.

திரும்பும் வழியில் ஓர் ஓடையைத் தாண்டினோம். ஓடைக்கு மேலே நாவல்மரங்களின் நிழலில் இரண்டு கயிற்றுக் கட்டிலைச் சேர்த்துப் போட்ட அளவுக்குத் தரை தெரியாமல் திப்பிலி படர்ந்திருந்தது. பாய் விரித்தாற்போல. நான் ஓடினேன்.

"அது வேண்டாமுங்க," என்றான் சடையன். அவன் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

"ஏன்?"

"அது தானா வந்ததில்லீங்க. என்ற தங்கச்சி வெச்சது."

"அதனால என்ன, கேட்டு வாங்கிக்கலாமே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். 

"அங்க அவ புள்ளயை வெச்சிருக்குதுங்க. பொட்டப் புள்ள. அப்பத்தான் நடை பழகுச்சு. காய்ச்சல்ல போயிருச்சுங்க. கடைசி மூணு நாளும் ஒடம்பு அடுப்பாட்டக் கொதிச்சுது. அதுக்குக் குளுகுளுன்னு இருக்கோணும்னு இந்த நெழல்லதான் வெக்கச் சொல்லி அழுதா. அப்பறம் அவளே கொடி கொண்டாந்து ஊனி, ஓடைக்கல்லு பொறுக்கிக் கணுவுக்கு ஒண்ணா வெச்சு, ரெண்டு வருசமா வளத்துறா."

அப்போதுதான் நடுவில் நட்டிருந்த கல்லைப் பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இல்லை.

"சரி, வா போகலாம்," என்றேன்.

இரண்டு சாக்கு

மறுநாள் நான் தனியாகப் போனேன்.

இதற்கு மேல் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. அவ்வளவும் தெரிந்துதான் போனேன். சாமை அறுப்புக் காலம். ஊர்ச்சனம் முழுக்கச் சாமைக் காட்டில் இருக்கும் என்று கணக்குப் போட்டு, காலையில் பனி விலகுவதற்குள் போனேன். ஒரு மண்வெட்டி, இரண்டு சாக்கு, ஒரு காவடிக் கம்பு.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் இன்னும் நினைவிருக்கின்றன. உயிரோடு இருக்கிற ஒரு சீக்காளிக்காகத்தானே எடுக்கிறேன். அடுத்த மழையில் மறுபடி வளர்ந்துவிடும். அவள் காட்டுப்பன்றி கிளறியது என்று நினைத்துக்கொள்வாள். ஏற்காட்டு ஆளைப் பற்றி மட்டும் நான் எனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. உண்மையான காரணம் அதுதான்.

மண்ணோடு பத்தை பத்தையாகப் பெயர்த்தேன். மண் மெத்தென்று இருந்தது. மக்கிய இலை வாசம் அடித்தது. வெள்ளைக் கற்கள் வேரோடு வந்தன. பலவற்றை உதறி எறிந்தேன். சில வேருக்குள் சிக்கியிருந்தது அப்போது தெரியவில்லை. நட்ட கல்லைச் சுற்றி ஒரு முழம் மட்டும் தொடாமல் விட்டேன். கல்லையும் தொடவில்லை. அதை என்னுடைய நல்ல குணம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

சாக்குகளைக் கட்டித் தூக்கித் திரும்பிப் பார்த்தபோது அந்த இடம் தோல் உரித்தது போல இருந்தது. வேகமாக நடந்தேன்.

மத்தியானத்துக்குள் ஜன்னலுக்கு வெளியே பச்சை விரிப்பு தயாராகிவிட்டது. வக்கீலம்மா தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. "எங்கே இருந்து மேஸ்திரி பிடிச்சே இதை?" என்றார். "காட்டுல தேடிக் கண்டுபிடிச்சேனுங்க," என்றேன். ஆக, அந்தப் பொய்யைப் பாவாயியிடம் நான் சொன்னது முதல் தடவை அல்ல.

அடுத்த நாள் சடையன் வேலைக்கு வந்தான். பலாமரத்தடிக்கு வந்தவன் நின்றான். வெகுநேரம் நின்றான். அடிப்பான், திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "மேல காப்பிச் செடிக்குக் களையெடுக்கப் போறேனுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு பல நாள் அந்தப் பக்கமே அவன் வேலைக்கு வரவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

கொடிக்கால்காரன் கை

திப்பிலியை நான் வெற்றிலை போலவே கவனித்தேன். சாணி எரு குவித்தேன். காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். பலா இலை ஒன்றுகூடக் கிடக்காமல் தினமும் விளக்குமாற்றால் கூட்டினேன். பங்களாத் தோட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு எண்ணம்.

பத்து நாளில் ஓரங்கள் மஞ்சளாயின. பதினைந்தாம் நாள் கொடிகள் கணுவில் அழுகத் தொடங்கின. இன்னும் ஊற்றினேன். இன்னும் அழுகியது. வக்கீலம்மா ஜன்னலிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் செடிகளோடு தன்னையும் சேர்த்து ஏதோ எண்ணிக்கொள்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. சாப்பாடு குறைந்தது.

ஒரு நாள் காப்பித் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த சடையனை அவரே ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நீங்க மலையிலயே பொறந்தவங்க. இதை வளர்க்கத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?"

சடையன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு செடிகளைப் பார்த்தான்.

"என்ற தங்கச்சிக்குத் தெரியுமுங்க," என்றான். "நாளைக்குக் கூட்டியாரேன்."

அன்றைக்கு ஓடிப்போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். மறுநாள் அவள் வந்தாள். அந்தக் காட்சியைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

கூட்டாதீங்க

கல்லை மடியில் செருகிக்கொண்ட பிறகு பாவாயி எழுந்து சுற்றும் முற்றும் பார்த்தாள். இருபத்துநான்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றைக் காட்டினாள்.

"இதுலயா தெனமும் கூட்டறீங்க?"

"ஆமா."

"கூட்டாதீங்க. மேல உழுகற எலைதானுங்க இதுக்குச் சோறு. அதைக் கூட்டித் தள்ளிப்போட்டுச் சாணியைக் கொட்டுனா, சூடு தாங்காதுங்க."

அன்றைக்கே வேலையில் இறங்கினாள். எருவை எல்லாம் வழித்து எடுக்க வைத்தாள். சோலையிலிருந்து மக்கிய இலை மண்ணைக் கூடை கூடையாகச் சடையன் கொண்டுவந்தான். கையால் பொடித்துத் தூவினாள். அழுகின கொடியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல கணுக்களை மட்டும் எடுத்தாள். நான் கொடிகளை ஆழமாக ஊன்றியிருந்தேன். அவள் ஊன்றவே இல்லை.

"பொதைக்காதீங்க. படுக்க வெச்சாப் போதும். கணு மண்ணைத் தொட்டுக்கிட்டு இருக்கோணும், அவ்வளவுதான். காத்துக்கு எழும்பாம இருக்கறதுக்கு மேல ஒரு கல்லு. வேர் புடிச்சாக் கொடி தானா ஓடிக்குமுங்க."

"தண்ணி?"

"மண்ணைத் தொட்டுப் பாருங்க. கை ஜில்லுனு இருந்தா ஊத்தாதீங்க. இங்க பனியே போதும். கோடையில சாயங்காலம் ஒருக்கா, பூவாளியில தெளிக்கறாப்புல."

கேட்டிருந்த வாசகிக்குப் பதில் இதுதான். வெயில் படாத மரத்தடி, மக்கிய இலை, தேங்காத ஈரம், கூட்டாமல் விடுவது. அடர்ந்து மூட ஒரு மழைக்காலம் போதும். நான் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டது எதுவும் இல்லை.

வாரத்துக்கு ஒரு நாள் வந்தாள். தேவனூர் நாட்டிலிருந்து நடந்து வந்து, செடிகளைப் பார்த்துவிட்டு, நடந்தே திரும்புவாள். வக்கீலம்மா அவளைப் பேச்சுக்கு இழுப்பார். அவளும் கேட்டதற்குப் பதில் சொல்வாள். சில சமயம் வேலை முடிந்த பிறகும் போகாமல், என்னிடம் ஏதோ கேட்க வந்தவள் போல நின்றுகொண்டிருப்பாள். ஜன்னலைப் பார்ப்பாள். அப்புறம் போய்விடுவாள். அவள் நின்றாலே எனக்கு வேறெங்காவது வேலை வந்துவிடும்.

மழை தொடங்கியது. ஆடி கழிவதற்குள் கொடிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. பலாமரத்து வேர்கள்கூடப் பச்சைக்குள் மறைந்தன. காற்றடித்தால் இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பும். வக்கீலம்மா எழுந்து நாற்காலியில் உட்காரத் தொடங்கியிருந்தார். வந்து பார்த்த வக்கீல் ஐயா என் தோளைத் தட்டினார்.

மூன்று கொடி

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், வேலை முடிந்ததும் பாவாயி என்னிடம் வந்தாள்.

"மேஸ்திரி, இதுல மூணு கொடி நான் எடுத்துக்கட்டுங்களா? அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

அவளுடைய கொடி. அவள் ஊன்றி, அவள் வளர்த்து, நான் பறித்து, அவள் மறுபடி உயிர்கொடுத்த கொடி. அதில் மூன்றை எடுத்துக்கொள்ள என்னிடம் உத்தரவு கேட்கிறாள். நான் என்ன செய்தேன்? எடுத்துக்கொள் என்று சொல்லவும் வாய் வராமல், ஜன்னலுக்குப் போய்க் கேட்டேன்.

"அம்மா, பாவாயி மூணு கொடி வேணும்னு கேக்குதுங்க."

"மூணு என்ன, முப்பது எடுத்துக்கச் சொல்லு," என்று சிரித்தார் வக்கீலம்மா. அவளையே பார்த்து, "எதுக்கு பாவாயி?" என்றார்.

"என்ற புள்ளைக்குங்க."

"அடடே, உனக்குக் குழந்தை இருக்கா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே! பையனா, பொண்ணா?"

"பொண்ணுங்க."

"இருமலா அவளுக்கு?"

பாவாயி பேசவில்லை. வக்கீலம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அவருக்குத் திப்பிலி என்றால் இருமல் மருந்து. வேறு எதையும் நினைக்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

"கொடியை வெச்சு அது காய்க்கிற வரைக்கும் காத்திருக்காதே. என்கிட்டக் காய்ஞ்ச திப்பிலியே இருக்கு. வறுத்துப் பொடிச்சுத் தேன்ல குழைச்சு நாக்குல தடவு. ரெண்டே நாள்ல நின்னுடும். மேஸ்திரி, அலமாரியில தேன் பாட்டில் இருக்கு பாரு, திப்பிலிப் பொட்டலமும் இருக்கும். எடுத்து அவகிட்டக் குடு."

நான் உள்ளே போனேன். அலமாரியைத் திறந்தேன். பாட்டிலையும் பொட்டலத்தையும் எடுத்தேன். அலமாரிக்கும் வாசலுக்கும் நடுவில் பத்து அடி இருக்கும். அந்தப் பத்து அடிக்குள் நான் திரும்பி, 'அம்மா, அந்தக் குழந்தை உயிரோடு இல்லை. இந்தச் செடி அந்தக் குழந்தையின் மேலே இருந்தது. நான்தான் பெயர்த்து வந்தேன்' என்று சொல்லியிருக்க முடியும்.

சொல்லவில்லை. வெளியே வந்து, தேனை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "குழந்தையை ஒரு நாள் கூட்டிக்கிட்டு வா," என்றார் வக்கீலம்மா. பாவாயி தலையை அசைத்தாள். மூன்று கொடியை வாழைமட்டையில் சுற்றிக்கொண்டு மழைத்தூறலில் நடந்தாள். அதற்குப் பிறகு அவள் பங்களாவுக்கு வரவில்லை. செடிக்கும் அவள் தேவைப்படவில்லை.

விடைபெறப் போனேன்

அடுத்த வருஷம் வக்கீலம்மா உடம்பு தேறிச் சேலம் திரும்பினார். என்னைப் பற்றி வக்கீல் ஐயா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். 'நிழலில் செடி வளர்ப்பதில் இவருக்கு நிகரில்லை' என்று அதில் ஒரு வரி. அந்தக் கடிதத்தால் ஒரு பெரிய தோட்டத்தில் உத்தியோகம் கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இத்தனை வாரமாக எழுதி வந்தேன்.

மலையிறங்கும் முன் தேவனூர் நாட்டுக்குப் போனேன். பாவாயி கேழ்வரகுக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"வாங்க மேஸ்திரி. ஊட்டுக்குப் போறீங்களாமா?"

"ஆமா. உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும் பாவாயி." வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அந்தத் திப்பிலி காட்டுலிருந்து எடுத்ததில்லை."

"தெரியுமுங்க."

"எப்போ தெரியும்?"

"நீங்க எடுத்த அன்னிக்குச் சாயங்காலமே போயிப் பார்த்தேன். பன்னி கெளறுனா அப்பிடிச் சதுரமா இருக்காதுங்க. மறுநாள் அண்ணன் பங்களாவுல பார்த்துட்டு வந்து சொல்லுச்சு."

"தெரிஞ்சுமா வந்து காப்பாத்திக் குடுத்தே?"

"அது அழுகிக் கெடக்குதுன்னு அண்ணன் சொல்லுச்சு. அது என்னங்க பண்ணுச்சு?"

எனக்கு அவள் காலில் விழ வேண்டும் போல இருந்தது. விழவில்லை. 'மன்னிச்சுக்கோ' என்று ஏதோ முணுமுணுத்தேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"நானும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க. பங்களாவுக்கு வாரப்பெல்லாம் அதைக் கேக்கோணும்னுதான் வருவேன். அந்தம்மா இருப்பாங்க. கேக்க முடியாதுங்க."

"கேளு."

"நீங்க தோண்டறப்போ..." கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள். "மண்ணுக்குள்ள எதாச்சும் தட்டுப்பட்டுச்சுங்களா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. 

"புள்ளயை வெக்கறப்போ பொம்பளைங்க வரக்கூடாதுன்னுட்டாங்க. எத்தனை ஆழத்துல வெச்சாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆழமாத்தான் வெச்சோம்னு அண்ணன் சொல்லுது. என்ற மனசுக்காகச் சொல்லுதோ என்னமோ. நீங்கதானுங்க தோண்டுனீங்க. நீங்க சொல்லுங்க."

ஒன்றரை வருஷம். நான் திருடிவிட்டுத் தூங்கிய ஒன்றரை வருஷமும் அவள் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

"இல்லை பாவாயி," என்றேன். "ஒரு சாண்கூட எறக்கலை. கொடிக்கு மேல்மண்ணுதான். வேரும் எலைமக்கும் நீ வெச்ச ஓடைக்கல்லும் மட்டும்தான் வந்துச்சு. நட்ட கல்லுகிட்டப் போகவே இல்லை. ஒண்ணும் தட்டுப்படலை."

அது உண்மை. எழுத்துக்கு எழுத்து உண்மை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அத்தனை மாதத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கண்ணை, வாயை, நெற்றியை எல்லாம் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இதே வாய்தான் 'காட்டுலிருந்துதான், வேறெங்கிருந்து' என்று அவளிடம் சொன்னது. அன்றைக்கும் இதே முகம்தான்.

"சத்தியமா, பாவாயி. எந்தக் கோயில்ல வேணும்னாலும் வந்து..."

"கோயிலெல்லாம் வேண்டாமுங்க," என்றாள். "இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன். ஒரு சாண்கூட எறக்கலை. ஒண்ணும் தட்டுப்படலை.

அவள் உதடு அசைந்தது. நான் சொன்னதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள் போலிருந்தது. பிறகு குனிந்து களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்தில் உட்கார்ந்தாள்.

நான் வரப்பில் நின்றேன். மூன்றாவது தடவை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.